லேப்டாப் வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரை விடுங்க... கடைசி எழுத்தைப் பாருங்க!

சங்கரன்கோவில்:-

பிளஸ்-2 ரிசல்ட் வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்து விட்டால், சங்கரன்கோவில் வட்டாரத்து வீடுகளில் அடுத்த பேச்சு லேப்டாப் பற்றித்தான்.

தறியில் நின்று சேர்த்த காசு, பூ வியாபாரத்தில் மிஞ்சிய காசு, சீட்டுப் பணம், மகளிர் குழு கடன்... எதையாவது புரட்டிக்கொண்டு தந்தையும் பிள்ளையுமாகக் கடைக்குப் போகிறார்கள். அங்கே வரிசையாக லேப்டாப்கள் திறந்து கிடக்கின்றன.

ஒன்று நோட்டுப் புத்தகம் மாதிரி மெலிசாக, பளபளவென்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பது தடியாக, கறுப்பாக, கையில் எடுத்தாலே கனக்கிறது. விலை பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அண்ணாச்சி, இதுல எதை எடுக்கலாம்?" என்று கேட்டால், "ரெண்டுமே புது பிராசசர்தான், எதை எடுத்தாலும் சூப்பரா ஓடும்" என்று பதில் வந்தால் உஷாராக வேண்டும்.

இரண்டுமே புதுசாக இருக்கலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைக்குச் செய்யப்பட்டவை. மாற்றி வாங்கி விட்டால், ஒன்று பிள்ளையின் முதுகு வலிக்கும், இல்லையென்றால் புராஜெக்ட் நேரத்தில் லேப்டாப் படுத்துவிடும். தவணை மட்டும் மாசா மாசம் தவறாமல் வரும்.

மெலிசு எதற்கு? தடி எதற்கு?

2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், மேடையில் ஒரு காகிதக் கவருக்குள் இருந்து லேப்டாப்பை உருவிக் காட்டினார். அதுதான் மேக்புக் ஏர். எடை 1.36 கிலோ. அதன்பிறகு எல்லா கம்பெனிகளும் மெலிசு லேப்டாப் பக்கம் திரும்பின. இன்று 1.2 கிலோவில் இருந்து 1.5 கிலோ வரை எடையுள்ளவை இந்த ரகத்தில் வருகின்றன.

இன்னொரு ரகம் 'புரொபஷனல்'. இதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆபீஸ் உபயோகத்துக்கு என்றே கட்டியது. கீல் உறுதியாக இருக்கும், கீபோர்டு தாங்கும், பாகங்களைக் கழற்றி மாற்ற வசதி இருக்கும். லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகியவை இந்த வகை. இன்னொன்று, வீடியோ எடிட்டிங், கட்டிட வரைபடம், அனிமேஷன் போன்ற கனத்த வேலைக்கு தனி கிராபிக்ஸ் கார்டு வைத்துக் கட்டியது. இது 2 கிலோவைத் தாண்டும். செங்கல் மாதிரி இருக்கும் சார்ஜர் தனி.

டி.வி.எஸ். 50-ல் இரண்டு பூக்கூடையைக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வந்து விடலாம். பத்து மூட்டை என்றால் லோடு ஆட்டோதான் வேண்டும். இரண்டுமே நல்ல வண்டிதான். ஏற்றுகிற சரக்குதான் எது வேண்டும் என்று முடிவு செய்கிறது. லேப்டாப் கதையும் இதேதான்.

கடைசி எழுத்தில் இருக்கிறது சூட்சுமம்

லேப்டாப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'ஐ5', 'ஐ7' என்று மட்டும்தான் இருக்கும். ஆனால் பிராசசரின் முழுப் பெயர் அதைவிட நீளம். அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு ஆங்கில எழுத்தில் முடியும். அந்தக் கடைசி எழுத்துதான் விஷயத்தைச் சொல்லும்.

'யு' என்று முடிந்தால் அது மின்சாரத்தைக் கொஞ்சமாகக் குடிக்கும் ரகம். இன்டெல் நிறுவனத்தின் 'யு' ரகத்துக்கு அடிப்படை அளவு பொதுவாக 15 வாட். சூடு குறைவு, சின்ன விசிறியே போதும், பேட்டரி நின்று பேசும். மெலிசு லேப்டாப்புக்குள் உட்காருவது இதுதான்.

'எச்' என்று முடிந்தால் பல மாடல்களில் 45 வாட். 'எச்.எக்ஸ்' என்றால் 55 வாட். வேகம் அதிகம். சூடும் அதிகம். பெரிய விசிறி, தடித்த உடம்பு, பெரிய சார்ஜர் எல்லாம் அதனால்தான்.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசனிலும் 'யு' என்றால் சிக்கனம், 'எச்.எஸ்', 'எச்.எக்ஸ்' என்றால் வேகம்.

சமீபத்தில் வந்த சில மாடல்களில் கடைசி எழுத்தே இருக்காது. அப்போது "இது எத்தனை வாட் பிராசசர்?" என்று கேட்டுவிட வேண்டும்.

ஐ7 என்றால் உசத்தியா?

"ஐ5-ஐ விட ஐ7 பெருசு, கொஞ்சம் கூடப் போட்டு அதையே எடுத்துருவோம்" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் காசு விரயம் ஆகிறது.

ஒரு உதாரணம். இன்டெல்லின் 13-ம் தலைமுறையில் 'ஐ7-1355யு' என்று ஒன்று. 'ஐ5-13500எச்' என்று இன்னொன்று. முதலாவதில் மொத்தம் 10 கோர். அதில் வேகமான கோர் 2 மட்டுமே. மற்ற 8-ம் சிக்கனமான சின்ன கோர். இரண்டாவதில் மொத்தம் 12 கோர். அதில் வேகமானவை 4.

கோர் என்பது உள்ளே வேலை பார்க்கும் ஆள் மாதிரி. வீடியோ எடிட்டிங் போல மணிக்கணக்கில் ஓடும் வேலையில் அந்த 'ஐ5 எச்', இந்த 'ஐ7 யு'வைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பேருக்கு ஐ7, வேலையில் ஐ5 முந்தும்.

இன்னொன்றும் உண்டு. மெலிசு உடம்புக்குள் சூடு வெளியேற இடம் கிடையாது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கடையில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். கனத்த வேலையை அரை மணி நேரம் கொடுத்தால்தான் மெலிசுக்கு மூச்சு வாங்குவது தெரியும்.

பெயர் புதுசு... உள்ளே பழசு

'புது பிராசசர்' என்ற வார்த்தையிலும் கவனம் தேவை.

ரைசன் 7000 வரிசையில் நான்கு எண்கள் இருக்கும். அதில் மூன்றாவது எண்ணைப் பார்க்க வேண்டும். 'ரைசன் 5 7520யு' என்பதில் மூன்றாவது எண் 2. அப்படியென்றால் உள்ளே இருப்பது ஜென்-2 என்ற வடிவமைப்பு. அது 2019-ல் வந்தது. மூன்றாவது எண் 3 என்றால் ஜென்-3 ரகம், 4 என்றால் ஜென்-4. முதல் எண் 7 என்பதை மட்டும் பார்த்து வாங்கினால், புதுப் பானையில் பழைய கஞ்சி வாங்கின கதைதான்.

இன்டெல்லும் 2023 டிசம்பரில் பெயரை மாற்றியது. 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு 'கோர் அல்ட்ரா' என்று புது வரிசை விட்டது. கூடவே 'அல்ட்ரா' இல்லாமல் வெறும் 'கோர் 5', 'கோர் 7' என்றும் மாடல்கள் வந்தன. 2024, 2025-ல் வந்த இந்த வெறும் 'கோர்' மாடல்கள் சிலவற்றில் உள்ளே இருப்பது பழைய 13-ம் தலைமுறை வடிவமைப்புதான்.

பழசு என்றால் கெட்டது என்று அர்த்தம் இல்லை. பி.காம். படிக்கிற பிள்ளைக்கு அதுவே தாராளம். ஆனால் பழசுக்குப் பழைய விலைதான் கொடுக்க வேண்டும். புது விலை கொடுக்கக் கூடாது.

ரேம்: பிறகு கூட்டிக்கலாமா?

"இப்போ 8 ஜி.பி. எடுங்க, அப்புறம் வேணும்னா கூட்டிக்கலாம்" என்பது கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. இது எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது.

பல மெலிசு லேப்டாப்களில் ரேம், மெயின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. 'வி' என்று முடியும் கோர் அல்ட்ரா 200 வரிசையில் பிராசசரோடு சேர்த்தே ரேமும் பொதிந்து வருகிறது. 16 அல்லது 32 ஜி.பி. எதை வாங்கினோமோ, கடைசி வரை அதுதான்.

தடி ரகத்தில் பெரும்பாலும் ரேமுக்கு ஸ்லாட் இருக்கும். அங்கே பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025-ன் கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் குவிந்ததால், உலகம் முழுக்க ரேம் விலை எகிறியது. 'க்ருஷியல்' என்ற பெயரில் ரேம் விற்று வந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லரை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால் செலவு குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பஸ்சில் போகும் பிள்ளைக்கு...

சங்கரன்கோவிலில் இருந்து சுரண்டை, கோவில்பட்டி, ராஜபாளையம், நெல்லை என்று தினமும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் மாணவ-மாணவிகள் உண்டு. காலை கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போகும் பிள்ளையின் பையில் சாப்பாடு, தண்ணீர், புத்தகம் போக, இரண்டரை கிலோ லேப்டாப்பும் சார்ஜரும் என்றால் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் லேப்டாப் வீட்டிலேயே தங்கிவிடும்.

பேட்டரிக் கணக்கும் சுலபம். பேட்டரியின் கொள்ளளவை 'வாட்-அவர்' என்று குறிப்பிட்டிருப்பார்கள். 50 வாட்-அவர் பேட்டரி உள்ள லேப்டாப், சாதாரண வேலைக்கு 8 வாட் எடுத்தால் 6 மணி நேரம் தாண்டும். அதே பேட்டரியில் 20 வாட் இழுக்கும் தடி லேப்டாப் இரண்டரை மணி நேரத்தில் நின்றுவிடும். வகுப்பில் பிளக் பாயிண்ட் எத்தனை இருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே தடி லேப்டாப் மேஜையை விட்டு நகராது.

தறி வீட்டில் பஞ்சுத் தூசி

வீட்டோடு விசைத்தறி ஓடுகிற குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லேப்டாப்பின் விசிறி காற்றை உள்ளே இழுக்கும்போது பஞ்சுத் தூசியையும் சேர்த்தே இழுக்கும். அது சூடு வெளியேறும் சந்தில் அடைத்துக்கொண்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய 'எச்' பிராசசரும் திணறும். விசிறி 'உய்ய்' என்று சத்தம் போட ஆரம்பித்தால் அதுதான் காரணமாக இருக்கலாம்.

பெரிய விசிறி உள்ள லேப்டாப் கூடுதல் காற்றை இழுக்கும். எனவே தறி ஓடும் அறையில் வைக்காமல் உள் அறையில் வைத்துப் பயன்படுத்துவது நல்லது. மெத்தை, போர்வை மேல் வைத்து ஓட்டக் கூடாது. வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யக் கொடுப்பதும் நல்லது.

எந்தப் படிப்புக்கு எது?

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., ஆசிரியர் பயிற்சி, நர்சிங்: மெலிசு ரகம், 'யு' பிராசசர் போதும். டைப்பிங், டேலி, ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஓடும். 8 ஜி.பி. ரேம் போதும். ஆனால் ரேமைக் கூட்ட முடியாத மாடல் என்றால் 16 ஜி.பி.யாகவே எடுப்பது நல்லது. இந்தப் படிப்புக்கு கிராபிக்ஸ் கார்டு தண்டச் செலவு.

பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர், பி.இ. கம்ப்யூட்டர்: 16 ஜி.பி. ரேம் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். மொபைல் ஆப் தயாரிக்கும் 'ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ' போன்றவை ரேமை நன்றாகவே சாப்பிடும். புரோகிராம் எழுத கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. நல்ல கீபோர்டு உள்ள ஆபீஸ் ரக லேப்டாப் இவர்களுக்குப் பொருத்தம்.

சிவில், மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர், விஸ்காம், அனிமேஷன்: இங்கேதான் தடி லேப்டாப்புக்கு வேலை. 'எச்' பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு, ரேம் கூட்ட ஸ்லாட் மூன்றும் வேண்டும். ஆட்டோகேட் மென்பொருளின் அண்மைப் பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜி.பி. ரேம் வேண்டும். 32 ஜி.பி. இருந்தால் நல்லது என்கிறது அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரர்களுக்கும் இதே கணக்குதான்.

ஸ்னாப்டிராகன் பிராசசர் போட்ட மெலிசு லேப்டாப்களும் கடைக்கு வருகின்றன. பேட்டரி அருமையாக நிற்கும். ஆனால் இன்டெல், ஏ.எம்.டி.க்கு என்று எழுதிய சில மென்பொருட்களும், பழைய பிரிண்டர்களும் இதில் மக்கர் பண்ணலாம். பிள்ளையின் படிப்புக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இதைத் தொட வேண்டும்.

ஏ.ஐ. ஸ்டிக்கர் அவசியமா?

இப்போது எந்த லேப்டாப்பைப் பார்த்தாலும் 'ஏ.ஐ.' என்று ஒட்டியிருக்கிறார்கள். 2024-ல் மைக்ரோசாப்ட் 'கோபைலட் பிளஸ்' என்று ஒரு ரகத்தை அறிவித்தது. அதற்குக் குறைந்தது 16 ஜி.பி. ரேமும், ஏ.ஐ. வேலைக்கென்று தனி சிப் பகுதியும் இருக்க வேண்டும்.

ஆனால் சாட்ஜிபிடி போன்றவை லேப்டாப்புக்குள் ஓடுவதில்லை. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடி, இன்டர்நெட் வழியாகப் பதில் வருகிறது. அதற்கு நெட் இருந்தால் போதும், சாதாரண லேப்டாப்பிலேயே கிடைக்கும். அந்த ஸ்டிக்கருக்கு என்று தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பழைய லேப்டாப் வாங்குவோர் கவனத்துக்கு...

கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் ரக லேப்டாப்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. உடம்பு கெட்டி என்பதால் பலருக்கு இது நல்ல வழிதான். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். 6, 7-ம் தலைமுறையை "சல்லிசா தாரேன்" என்றால் சம்மதிக்கும் முன் யோசிக்க வேண்டும்.

அரசு லேப்டாப் கிடைத்தால்?

தமிழகத்தில் இலவச லேப்டாப் திட்டம் ஜெயலலிதா முதல்-அமைச்சராக இருந்தபோது 2011 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. இடையில் நின்றுபோன நிலையில், 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் வினியோகம் தொடங்கியது. அதில் 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருந்தன.

கலை, வணிகவியல் படிக்கும் பிள்ளைக்கு அந்த லேப்டாப்பே போதுமானது. அது கையில் இருக்கும்போது கடன் வாங்கி இன்னொன்று எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கிராபிக்ஸ் வேலை உள்ள படிப்பு என்றால் மட்டும், அதை வைத்து முதல் வருஷத்தை ஓட்டிவிட்டு, தேவை புரிந்த பிறகு தடி லேப்டாப் எடுக்கலாம்.

கடையில் 5 நிமிடம்

காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

லேப்டாப்பை ஆன் செய்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்பார்மன்ஸ்' பகுதிக்குப் போய் 'சி.பி.யு.' என்பதைத் தொட்டால் பிராசசரின் முழுப்பெயர் கடைசி எழுத்தோடு தெரியும். 'மெமரி' என்பதைத் தொட்டால் ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் என்று காட்டும். ஸ்லாட் கணக்கில் சந்தேகம் இருந்தால், "ரேம் கழற்றுறதா, போர்டுலயே ஒட்டுனதா?" என்று கேட்டுவிட வேண்டும்.

பிறகு லேப்டாப்பையும் சார்ஜரையும் சேர்த்து பிள்ளையின் பையிலேயே போட்டு, தோளில் மாட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கவே கூடாது. லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 50 ஆயிரம் ரூபாய் லேப்டாப் என்றால் அதில் 7 ஆயிரத்து 627 ரூபாய் வரி. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தாரேன்" என்ற பேச்சுக்கு மயங்கினால், வாரண்டி கேட்கப் போகும்போது கையில் காகிதம் இருக்காது.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-ல் அலுவலகம் திறந்த பிறகு, கம்ப்யூட்டர் வேலைக்கு சென்னைக்குத்தான் ரெயில் ஏற வேண்டும் என்ற நினைப்பு இந்தப் பக்கம் மாறத் தொடங்கியது. அந்த மாதிரி வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு லேப்டாப் ஒரு தொழில் கருவி. தறி வாங்கும்போது அதில் என்ன சேலை நெய்யப் போகிறோம் என்று முதலில் பார்ப்பது போல, லேப்டாப் வாங்கும்போதும் பிள்ளை அதில் என்ன வேலை செய்யப் போகிறது என்பதை முதலில் கேட்டுவிட்டால், கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்காது.